நாலாவது டீயும் சிலிண்டர் ரெகுலேட்டரும்

(காட்சி: ஓசூர் சிப்காட், விடியற்காலை. டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கிறது.)

வணக்கம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், நைட் ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் ஒரு டீ, இரண்டரைக்கு ஒன்று, கண் சொக்கும் நாலரைக்கு ஸ்ட்ராங்காக இன்னொன்று. ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு நாலாவது. டிபன் கிடையாது.

அறைக்கு வந்து பால் காய்ச்சிவிட்டு சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுகிறார். படுக்கிறார். எழுந்து போய்ப் பார்க்கிறார், மூடித்தான் இருக்கிறது. மறுபடி படுக்கிறார். நெஞ்சு படபடக்கிறது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? திரும்ப எழுந்திருக்கிறார். இப்படியே மணி ஒன்பதாகிவிடுகிறது.

வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவரை ‘அவளுக்கு ஓசிடி’ என்று கேலி செய்கிறோம். ஓசிடி அதுவல்ல, அது ஒரு மனநலப் பிரச்சினை. வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் வரும். அது கிளப்பும் பதற்றத்தை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. சிக்கல் அந்த நிம்மதியில்தான். அடுத்த முறையும் மூளை அதையே கேட்கும்.

சரி, டீ குடிப்பதால் ஓசிடி வருமா? வராது. ஆனால் இருப்பதைச் சிலருக்கு ஏற்றிவிடலாம்.

(காட்சி: கண்ணாடி டம்ளர், மிக அருகில்.)

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். ‘போதும், படு’ என்று சொல்வது அதுதான். அது உட்கார வேண்டிய இடத்தில் டீயில் இருக்கும் காஃபீன் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியேதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. கூடவே அட்ரினலின் கூடும், இதயம் வேகமாக அடிக்கும், கை லேசாக நடுங்கும்.

சாதாரண ஆள் ‘டீ ஜாஸ்தியாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார். பதற்றநோய் உள்ளவருக்கு ‘மாரடைப்போ?’ என்று தோன்றும். நம் சிப்காட்காரரின் மனமோ ‘ஏதோ தப்பு நடந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் படபடக்கிறது? போய்ப் பார்’ என்கிறது. டீயின் வேலை கேஸ் கசிவுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறரை மணி டீயின் பாதி, பதினொன்றரை வரை அவரோடு படுக்கையில்தான் கிடக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் மூளையின் பய மையம் சின்ன விஷயத்துக்கும் துள்ளும். அதைச் சமாளிக்க இன்னொரு டீ!

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஓசிடிக்குத் தரும் மருந்துகளில் ஒன்று ஃப்ளூவாக்சமின். கல்லீரலில் காஃபீனைச் சிதைக்கும் நொதியை இது தடுத்துவிடும். 5 மணி நேரக் கணக்கு 30 மணி நேரம் வரை நீளலாம். பழைய அளவு டீதான், ஆனால் நேற்றைய டீயும் உள்ளேயே இருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்துமுன் டம்ளரை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் 24 பேரை மட்டும் வைத்து நடந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு மசியாத ஓசிடி உள்ள சிலருக்குத் தினம் 300 மில்லிகிராம் காஃபீன் சேர்த்துக் கொடுத்தபோது அறிகுறிகள் குறைந்தன. சின்ன ஆய்வு, டாக்டர் கண்காணிப்பில் நடந்தது. டீக்கடையில் செய்து பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். களி தின்றால் ஓசிடி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் தர்மபுரிக்காரன்தான், களி பிடிக்காமல் சொல்லவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் டீயோடு ஓட்டினால் சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினை விடும். மறுபடி அதே படபடப்பு. படுக்குமுன் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். ரத்தசோகை, தைராய்டு இரண்டிலும் படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

டீயை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மறுநாளே தலைவலியும் எரிச்சலும் வந்து ஒரு வாரம்கூட இழுக்கும். முதலில் ஆறரை மணி டீ, சில நாள் கழித்து நாலரை மணி டீ. அப்புறம், மில்லிகிராம் கணக்கை நோட்டில் எழுதி மூன்று தடவை கூட்டிப் பார்க்க ஆரம்பித்தால், அதுவே இன்னொரு ரெகுலேட்டர் ஆகிவிடும்.

ஓசிடிக்கு உண்மையான சிகிச்சை மருந்தும், பயிற்சி பெற்றவரோடு செய்யும் பழக்கமும். ஒரே முறை மூடுவது, எழுந்து போய்ப் பார்க்காமல் படுத்திருப்பது, பதற்றம் ஏறித் தானாக இறங்கும்வரை பொறுப்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். டாக்டர் கேட்காவிட்டாலும், ஒரு நாளைக்கு எத்தனை டீ, கடைசி டீ எத்தனை மணிக்கு என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.