கண் சோதனை அட்டையின் எழுத்துகள் ஏன் அப்படி இருக்கின்றன?

[திரையில்: கண் சோதனை அட்டை. கேமரா ஒரே ஒரு 'ஈ' எழுத்தை நெருங்குகிறது.]

கண் சோதனை அட்டையில் இருக்கும் இந்த ஆங்கில 'ஈ'யைப் பாருங்கள். கட்டையாக, சதுரமாக இருக்கிறது. இதே எழுத்தில் ஒரு புத்தகத்தை அச்சடித்தால் நாலு பக்கம்கூடத் தாங்காது. பரவாயில்லை, இது ஓர் அளவுகோல். அழகு இதற்குத் தேவையில்லை.

[எழுத்தின் மேல் ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் விழுகின்றன.]

1862இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் இந்தக் கட்டங்களுக்குள் எழுத்துகளை வரைந்தார். ஏன் ஐந்து? 'ஈ'யை எண்ணிப் பாருங்கள்: படுக்கைக் கோடு மூன்று, நடுவே இடைவெளி இரண்டு. கோட்டின் தடிமனும் இடைவெளியும் ஒரே அளவு. அந்த இடைவெளி தெரிந்தால்தான் அது 'ஈ'. தெரியாவிட்டால் வெறும் கறுப்புக் கட்டிதான். ஆக, கண்ணுக்கு உண்மையான பரீட்சை அந்த இடைவெளியில்தான்.

[கண்ணிலிருந்து எழுத்து வரை ஒரு கோணம் விரிகிறது.]

ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, ஒரு கோண நிமிடம். அந்த அளவு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைத்தான் இயல்பான கண் என்று கணக்கு வைத்தார்கள். அப்படியானால் முழு எழுத்துக்கு ஐந்து நிமிடம். ஆறு மீட்டர் தூரத்தில் அது சுமார் 8.7 மில்லிமீட்டர் உயரம். அதுதான் 6/6 வரிசை. 6/12 என்றால், இயல்பான கண் 12 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள்.

சரி, கணக்கு கச்சிதம். ஆனால் எழுத்துகள் ஒத்துழைக்கவில்லை! 'எல்', 'ஏ' போன்றவை மங்கினாலும் வெளிவடிவமே காட்டிக்கொடுத்துவிடும்; இடைவெளி தெரியவே வேண்டாம்.

[ஒரு வளையம், அதில் ஒரு வெட்டு. வளையம் சுழல்கிறது.]

1888இல் எட்மண்ட் லாண்டோல்ட் என்ற கண் மருத்துவர் எழுத்துகளையே தூக்கிப்போட்டார். ஒரு வளையம், அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு வெட்டு. வெட்டு எந்தப் பக்கம்? அவ்வளவுதான் கேள்வி. எழுத்தறிவு வேண்டாம், மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் கடினம். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே நேர்மையான வடிவம் இதுதான். ஆனாலும் மருத்துவமனைகளில் எழுத்துகளே நிலைத்தன. வாயால் சட்டென்று சொல்லிவிடலாமே.

அப்புறம் 1959இல் அமெரிக்காவில் லூயிஸ் ஸ்லோன் என்ற பார்வை ஆய்வாளர் பத்தே எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தார்: சி, டி, எச், கே, என், ஓ, ஆர், எஸ், வி, இசட். ஸ்னெல்லனின் எழுத்து முனைகளில் இருந்த சின்னக் கொம்புகளும் போயின.

1976இல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவ்வி என்ற இரு பார்வை ஆய்வாளர்கள் அட்டையையே மாற்றினார்கள். ஸ்னெல்லன் அட்டையில் உச்சியில் ஒற்றை எழுத்து, கீழே போகப் போக நெரிசல். இவர்கள் எல்லா வரிசையிலும் ஐந்து எழுத்து வைத்தார்கள், எழுத்துகளுக்கு நடுவே ஓர் எழுத்தின் அகலம் இடம் விட்டார்கள்.

[கலங்கலான 'சி', 'ஓ', 'டி' பக்கத்துப் பக்கத்தில்.]

ஸ்லோனின் அந்தப் பத்து எழுத்துகளும்கூடச் சமம் இல்லை. 'இசட்' எளிது, 'சி' மங்கினால் 'ஓ' ஆகிவிடும். அதனால் 1982இல் ஸ்லோன் எழுத்துகளை வைத்துப் புதிய அட்டை செய்தவர்கள், எளியதையும் கடினமானதையும் கலந்து, ஒவ்வொரு வரிசையின் மொத்தக் கடினமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி அடுக்கினார்கள்.