கை டிரில்லின் வயது

வணக்கம். வீட்டு வேலைக்கு வரும் தச்சர், ஒரு கையால் பிடியை அழுத்தி, மறு கையால் பல்சக்கரத்தைச் சுற்றித் துளை போடுவாரே, அந்தக் கை டிரில்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கயிறு சுற்றி இழுக்கும் துறப்பணம் வேறு.

கை டிரில்லில் செய்த வருடம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் 'இந்த வருடத்துக்கு முன்னால் இது இருந்திருக்க முடியாது' என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டு டிரில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாலாஜாபேட்டையில் தச்சு வேலை செய்தவர். அவருடைய டிரில்லை 'வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்' என்றுதான் அப்பா சொல்வார். பல்சக்கரம் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. ஒருநாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். சக்கரத்தின் ஓரத்தில் எழுத்து தெரிந்தது: மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி. மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு உருவானதே 1949-ல்தான். 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு அந்தப் பெயரும் இல்லை. அப்படியானால் வெள்ளைக்காரன் போன பிறகு வாங்கியதுதான்! அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ நானும் கூடப் போயிருக்கேன்டா. வேலூர் லாங் பஜார்ல வாங்கினது. திரும்பி வரும்போது பஸ்ல என் மடியிலதான் இருந்தது" என்றார். அதுவரை அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை.

அதனால்தான் முதலில் எழுத்தைத் தேடுங்கள் என்கிறேன். அமெரிக்க டிரில் என்றால் காப்புரிமையைப் பற்றிப் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். அங்கே 1927-ல் வந்த சட்டம் காப்புரிமை எண்ணைப் பொறிக்கச் சொன்னது. அதற்கு முன் தேதிதான் பொறிப்பார்கள். தேதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது. ஆனால் அது காப்புரிமை கிடைத்த தேதி, டிரில் செய்த தேதி இல்லை. திரும்பவும் சொல்கிறேன், செய்த தேதி இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்துச் சாமானில் மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி இருந்தால் அது அரசாங்கச் சொத்து. பக்கத்தில் வருடமும் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

துளை போடும் அலகைப் பிடித்துக்கொள்ளும் தலைப்பகுதிக்கு 'சக்' என்று பெயர். சாவி போட்டு இறுக்கும் சக் இருக்கிறதே, அதற்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் காப்புரிமை வாங்கியது 1902-ல். ஆனால் சக்கை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் பிடி என்றால் அநேகமாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது.

நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பராமரிப்பு பற்றி ஒன்றே ஒன்று: உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், துருவோடு எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் போதும். வணக்கம்.