ப்ரீ-கே பள்ளியின் தலைக்கணக்கு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் வீடு தேடும் நம் ஆட்கள், வாடகை விசாரித்த கையோடு பக்கத்து அரசுப் பள்ளியையும் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். எத்தனை பிள்ளைகள், எந்த இனம் எத்தனை சதவீதம், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர். பாருங்கள், தப்பில்லை. ஆனால் ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு, மட்டுமே நடக்கும் சின்னப் பள்ளியின் எண்கள் ஆளை ஏமாற்றும்.

இந்த இலவச வகுப்புகள் நியூ ஜெர்சிக்குச் சும்மா வரவில்லை. ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்காக நடந்த ஆபட் எதிர் பர்க் வழக்கில், 1998-ல் மாநில உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் வந்தவை. அந்த உத்தரவு பொருந்தும் ஊர்களின் பட்டியலில் பின்னாளில் 31 கல்வி மாவட்டங்கள் இருந்தன, ஜெர்சி சிட்டியும் ஒன்று. 3, 4 வயதுப் பிள்ளை அந்த ஊரில் குடியிருந்தால் போதும், அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஒரு வகுப்பில் 15 பேருக்கு மேல் கூடாது. சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒருவர், கூடவே உதவியாளர் ஒருவர்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பள்ளியில் நான்கு வகுப்பு, 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு 15 பேர் என்று இணையத்தில் காட்டும். பக்கத்துப் பெரிய தொடக்கப் பள்ளியில் அது 11 ஆக இருக்கலாம். உடனே அது நல்ல பள்ளி, இது சுமார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கே சிறப்புக் கல்வி ஆசிரியர், ஆங்கிலம் சொல்லித்தருபவர் எல்லாரையும் சேர்த்து வகுத்திருப்பார்கள். இங்கே நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் உதவியாளர்கள் அந்த வகுத்தலில் வருவதே இல்லை. அவர்களையும் சேர்த்தால் பெரியவர் ஒருவருக்கு ஏழரைப் பிள்ளை.

இனச் சதவீதம் இதைவிட வேடிக்கை. 60 பேரில் ஒரு பிள்ளை என்பது ஒன்றரை சதவீதத்துக்கும் மேல். மூன்று குடும்பம் எடிசன் நகருக்கு வீடு மாறினால் 'ஆசியர் 5 சதவீதம் சரிவு' என்று வாட்ஸ்அப் குழுவில் ஓடும். சரி, யார் அந்த ஆசியர்? தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, பிலிப்பைன்ஸ் பிள்ளை எல்லாம் பள்ளிப் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான். இதுவரை பள்ளிகள் பின்பற்றிவரும் முறையில் ஹிஸ்பானிக்கா (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவரா) என்ற கேள்விக்கு ஆம் என்றால் மற்ற இனக் கட்டங்கள் கணக்கில் எடுபடாது. அம்மா தமிழ், அப்பா வெள்ளையர் என்று இரண்டையும் குறித்தால் பிள்ளை 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்' என்ற கணக்குக்குப் போய்விடும். இனக் கட்டங்களை நாம் காலியாக விட்டால், கடைசி வழியாகப் பள்ளி ஊழியரே பிள்ளையைப் பார்த்து ஒன்றைக் குறிக்கலாம். மத்திய கல்வித் துறையின் வழிகாட்டுதலே அதற்கு இடம் தருகிறது. முகத்தைப் பார்த்து இனம் எழுதுவது எனக்கு ஒப்பவே இல்லை. தயவுசெய்து நீங்களே நிரப்புங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. தலைக்கணக்கு இலையுதிர் காலத்தில் எடுப்பது. டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பாத பிள்ளையும் அதில் இருக்கும், ஜனவரியில் சேர்ந்த பிள்ளை இருக்காது. அந்தக் கணக்கு நம் கண்ணில் படும்போது ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ப்ரீ-கேயில் ஒரு பிள்ளை இருப்பதே அதிகபட்சம் இரண்டு வருடம். ஆக, நீங்கள் உட்கார்ந்து அலசும் எண்களுக்கு உரிய பிள்ளைகளில் பெரும்பாலோர் கிண்டர்கார்டனுக்குப் போயிருப்பார்கள். உங்கள் மகள் பக்கத்தில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள் இல்லை.

ஊர்க் கணக்கும் இதில் தெரியாது. ஒப்பந்தம் போட்ட தனியார் மையங்களிலும் ஹெட் ஸ்டார்ட் (ஏழைக் குடும்பச் சிறு பிள்ளைகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) மையங்களிலும் இதே இலவச ப்ரீ-கே நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் இந்தப் பள்ளியின் பட்டியலில் வரமாட்டார்கள். இலவச மதிய உணவுச் சதவீதத்தை வைத்து ஏழ்மையை அளப்பதும் இப்போது சரிவராது. எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு என்ற திட்டத்தில் பள்ளி சேர்ந்துவிட்டால் சாப்பாட்டுக்கென்று வருமானப் படிவம் வாங்கமாட்டார்கள். சில இடங்களில் அது 100 சதவீதம் என்றே பதிவாகிவிடும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது முதல்வரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடம் இங்கே 3 வயதில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் தொடர்கிறார்கள்? உதவியாளர் இடம் ஏதாவது காலியாக இருக்கிறதா?