கிடங்கு காலியாகிறது

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊர் அரசு அலுவலகங்களில் ஓடாத ஜீப்பைக் 'கண்டம் பண்ணிவிட்டார்கள்' என்பார்கள். ராணுவத்திலும் அப்படித்தான். புதுத் துப்பாக்கி வந்ததும் பழையதைக் கண்டம் பண்ணிக் கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் அப்படிக் கழித்த துப்பாக்கிகளில் பலவற்றைப் பொதுமக்கள் சட்டப்படி விலைக்கு வாங்கலாம். ஒஹாயோவில் குடியேறியதிலிருந்து நானும் வாங்கி வந்தேன். இப்போது கைக்கு எட்டும் விலையில் எதுவும் வருவதில்லை.

என் முதல் துப்பாக்கி, 2007-இல் வாங்கிய ரஷ்ய மோசின் நகான்ட். கடை மூலையில் ஒரு பீப்பாய். அதில் குடைகளைச் செருகி வைத்ததுபோலப் பத்துப் பன்னிரண்டு ரைபிள்கள். எதை எடுத்தாலும் 89 டாலர். வீட்டில் பிரித்துப் பார்த்தால் உள்ளேயெல்லாம் காஸ்மோலின், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கிரீஸ், பழைய தேன் மாதிரி இறுகிக் கிடந்தது. கொதிநீர் ஊற்றி, துடைத்து, திரும்ப ஊற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. அப்புறம்தான் குழல்மேல் முத்திரை தெரிந்தது: முக்கோணத்துக்குள் ஓர் அம்பு, பக்கத்தில் 1942. இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. விரலை ஓட்டினால் லேத்தில் கடைந்த கோடுகள் வரிவரியாகத் தட்டுப்படுகின்றன. அமைதிக் காலத்தில் செய்ததில் அந்த இடத்தை மழமழவென்று இழைத்திருப்பார்கள். ஜெர்மன் படை ஸ்டாலின்கிராட் வரை வந்துவிட்ட வருஷத்தில் இழைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? பள்ளிப் பாடத்தில் படித்த போரை அன்றுதான் நான் தொட்டுப் பார்த்தேன்.

இந்த ரகத்தில் மட்டும் சுமார் 3.7 கோடி துப்பாக்கிகள் செய்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் அரசு அவற்றைப் பழுது பார்த்து, கிரீஸ் பூசி, பெட்டிக்கு 20 வீதம் அடுக்கி, அடுத்த போருக்கென்று வைத்தது. 1991-இல் அந்த நாடே உடைந்தது. பிரிந்துபோன நாடுகளிடம் கிடங்கு நிறையத் துப்பாக்கி இருந்தது, கஜானாவில் காசு இல்லை. கப்பல் கப்பலாக விற்றார்கள். அதனால்தான் 89 டாலர். அதே மோசின் இன்று 400 டாலர் வாக்கில் விற்கிறது.

வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள் என்று துப்பாக்கிக் கண்காட்சிகளில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊற்றே வற்றிவிட்டது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ரைபிள்களைச் சாதாரண வீரர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான ராணுவங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன. அவற்றுக்குப் பின் வந்த ஏகே ரகங்களும் எம்16-களும் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியவை. அமெரிக்கச் சட்டத்தில் அவை இயந்திரத் துப்பாக்கிக் கணக்கில் வரும். 1986-க்குப் பிறகு அந்த வகையில் புதிதாக ஒன்றைக்கூடப் பொதுமக்களுக்கு விற்க முடியாது. இன்றைய ராணுவங்கள் இந்த ரைபிள்களைக் கழித்தாலும் அவை முழுசாக இந்தக் கடைகளுக்கு வராது. உலகப் போர்க் காலத்தில் செய்து வைத்த கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இருந்த கையிருப்புக்கும் சட்டம் பலமுறை கதவைச் சாத்தியிருக்கிறது. 1963-இல் ஓஸ்வால்ட், வேறு பெயரில் தபாலில் ஆர்டர் கொடுத்து ஓர் இத்தாலியக் கார்க்கானோ ரைபிளை வாங்கினான். தொலைநோக்கியோடு 19.95 டாலர், தபால் செலவு 1.50. அதைக் கொண்டுதான் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டான். 1968-இல் வந்த சட்டம் தபால் விற்பனையையும் வெளிநாட்டு ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1984-இல், 50 வயதைக் கடந்தது போன்ற சேகரிப்புப் பொருள்களுக்கு மட்டும் திரும்ப வழிவிட்டார்கள். 1994-இல் சீனச் சரக்கு நின்றது. 2021-இல் ரஷ்யாவிலிருந்து இறக்குமதி செய்யப் புது உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். தோட்டாவும் அப்படித்தான். 440 தோட்டா அடைத்துச் சீல் வைத்த ரஷ்யத் தகர டப்பாக்களை மீன் டப்பா திறப்பதுபோல வெட்டித் திறப்போம். இப்போது அந்த டப்பாவையே சேகரிப்புப் பொருளாக விலை பேசுகிறார்கள்.

மிச்சமிருப்பதில் ஒரு பகுதி உலைக்குப் போகிறது. 2001-இல் ஐ.நா. நாடுகள் ஒப்புக்கொண்ட செயல்திட்டம், உபரி ஆயுதங்களை முடிந்தவரை அழித்துவிடுங்கள் என்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. காவலில்லாத கிடங்கிலிருந்து களவு போகும் துப்பாக்கி யார் உயிரை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உருக்குவதற்கு முன் அதன்மேல் இருக்கிற எண்ணையும் முத்திரையையும் எழுதி வையுங்கள். ஆயிரத்தில் ஒன்றையாவது குழலை அடைத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என்னிடம் உள்ள ஒரு த்ரீ நாட் த்ரீ. நம் ஊர் போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதில் கிரீடமும், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும், கீழே இஷாப்பூர் என்ற பெயரும் 1943 என்ற வருஷமும் பொறித்திருக்கிறது. வங்காளத்தில் நம் தொழிலாளிகள் செய்தது. முன்கட்டையில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயம் பற்றவைத்திருக்கிறார்கள். கையெறி குண்டை அதிலிருந்து எய்யும்போது மரம் பிளக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இது அவர்களில் யார் கையில் இருந்தது? தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை. இந்தியாவில் சாதாரண லைசென்ஸில் இந்த ரகத்தை வைத்துக்கொள்ள முடியாது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தது. நம்மவர்கள் செய்து, நம்மவர்கள் சுமந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க நான் ஒஹாயோவுக்கு வர வேண்டியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே படைவீரர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்வார். அவர்களுடைய கே31 ரைபிளில், தோளில் பதிகிற இரும்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னச் சீட்டு இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது, பலவற்றில் இருக்கும். அதில் வீரரின் பெயர், ஊர், படைப்பிரிவு. என்னுடையதில் ஊதா மையில் எழுதியிருந்தது. ஈரம் பட்டு ஓரம் பழுத்திருந்தாலும் பெயர் தெளிவாகத் தெரிந்தது. 150 டாலருக்கு வாங்கிய துப்பாக்கி அது. படித்துவிட்டு, சீட்டை அதே மடிப்பில் வைத்து மூடினேன்.

போன மாதம் கண்காட்சியில் இன்னொரு கே31 பார்த்தேன். 800 டாலர் சொன்னார் கடைக்காரர். தகட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையென்றார். திருகுகளின் காடிகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. வாங்குகிறவர் அந்த இரண்டு திருகுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.