நாற்காலியில் இருந்தவர்களே பொறுப்பு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியினரே, மண்டபம் நிறைய வந்திருக்கும் ஸ்காபரோ உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும். நன்றாகத் தொடங்கிச் சரிந்துபோன ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் 2011–12 சீசனுக்குப் பொறுப்பு ஐஸில் நின்றவர்களா, நிர்வாக நாற்காலியில் இருந்தவர்களா? நாற்காலியில் இருந்தவர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். வணக்கத்தை இதற்குமேல் நீட்டவில்லை. எதிரணித் தலைவர் அண்ணா ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார், அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வராது.

அண்ணா என்ன சொன்னார்? "லீஃப்ஸ் ரசிகர்கள் ஒக்டோபரில் காரில் கொடி கட்டுவார்கள், ஏப்ரலில் அதைக் கழற்றி டிக்கிக்குள் ஒளிப்பார்கள். அவர்களுக்கு ஹொக்கி தெரியாது, கொடிதான் தெரியும்" என்றார். கைதட்டினீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணா, அந்த ஒக்டோபரில் கொடி கட்டாமல் எப்படி இருப்பது? முதல் ஆட்டம் மொன்றியலோடு. நம் ஊரில் வைத்து 2–0 என்று அடித்தார்கள். இரண்டாவது ஆட்டம் ஒட்டாவாவோடு, 6–5. ஃபில் கெசல் மட்டும் மூன்று கோல். அந்த மாதம் முடியும்போது 11 ஆட்டத்தில் 7 வெற்றி. கெசலுக்கு 10 கோல், மற்றவர் கோலுக்கு உதவிய 8 அசிஸ்ட், லீக்கிலேயே மாதத்தின் முதல் நட்சத்திரம் அவர். 1967க்குப் பிறகு லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தைத் தொடாத ஊர் இது. 2004–05 சீசன் முழுதாக நின்றுபோனதே, அதற்குப் பிறகு அன்றுவரை ஒருமுறைகூட பிளேஓஃப் என்ற அந்தக் கிண்ணச் சுற்றுக்குப் போகாத அணி. அந்த ஊருக்கு, அந்த அணிக்கு, அப்படி ஒரு ஒக்டோபர் வந்தால் கொடி கட்டுவது அறியாமையா? அன்பு, அண்ணா!

சரி, கொடி கட்டிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். என் மாமா. ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. யாழ்ப்பாணத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவர். ஐஸ் ஹொக்கியை அவர் படித்தது வேலைக்குப் போகும் வழியில், கார் ரேடியோவில். பக் என்ற அந்த ரப்பர் வட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே ஆஃப்சைட் எது, ஐசிங் எது என்று விதிகளைக் காதால் படித்த மனிதர். அந்த ஒக்டோபரில் நீலக் கொடி ஒன்றை வாங்கிக் கார் யன்னலில் செருகினார். மாமி கேட்டா, "ஏனப்பா இந்த வயதில்?" மாமா சொன்னார், "பிள்ளைகள் பிறந்த ஊர் வெல்லுது. கட்டாமல் விடுறதோ?"

இப்போது 2012 பெப்ரவரி 28க்கு வாருங்கள். மாமாவோடு வேலை செய்த ஒருவர் போக முடியாமல் போன இரண்டு டிக்கெட்டைக் கொடுத்தார். மாமாவும் நானும் போனோம். லீஃப்ஸின் அரங்கத்துக்கு அப்போது பெயர் எயார் கனடா சென்டர். கூரையைத் தொடுகிற வரிசை. எதிரே ஃபுளோரிடா. மாமா வாழ்க்கையில் முதல்முறையாக ஹொக்கி ஐஸைக் கண்ணால் பார்க்கிறார். பார்த்ததும் "இவ்வளவு வெள்ளையா!" என்றார். அவ்வளவுதான், பிறகு பேச்சில்லை.

ஆட்டம் கைநழுவிப் போகிறது. திடீரென்று ஒரு மூலையில் சத்தம் தொடங்குகிறது. பிறகு அடுத்த மூலை. பிறகு அரங்கம் முழுக்க: "ஃபயர் வில்சன்! ஃபயர் வில்சன்!" பயிற்றுநர் ரொன் வில்சனைத் துரத்தச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் கத்துகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று கத்துகிறார். நானும் வாயைத் திறந்துவிட்டேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, பொறு. நத்தாருக்கு இந்த மனுசனுக்கு வேலையை நீட்டிக் குடுத்தது ஆர்? கையெழுத்துப் போட்டது ஆர்?"

நடுவர் அவர்களே, இந்த இடத்தை நான் இன்னொருமுறை சொல்ல வேண்டும், அவசரப்பட்டுத் தாண்டக்கூடாது. ஆயிரக்கணக்கானவர்கள் கீழே பெஞ்சைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒரே ஒரு மனிதர், அன்றுதான் முதல்முறை அரங்கத்துக்குள் கால் வைத்தவர், கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தார்! முகாமையாளர்கள் இருந்து பார்க்கும் தனி அறைகளை விரலால் காட்டினார். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரப் பெரியவரின் தோளைத் தட்டினார். "சேர், ஹூ சைன் த பேப்பர்?" என்று கேட்டார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மாமா காற்றிலே கையெழுத்துப் போட்டுக் காட்டினார். இப்படி! பிறகு மேலே காட்டினார். இப்படி! அந்தப் பெரியவர் மாமாவைப் பார்த்தார், மேலே பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருடைய மகனிடம் சொன்னார். மகன் பின்வரிசையில் சொன்னான். எங்கள் வரிசையில் அதற்குப் பிறகு யாரும் வில்சன் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை.

அண்ணா, கொடி கட்டியவருக்கு ஹொக்கி தெரியாது என்றீர்களே. இந்த மண்டபத்தில் இதைவிடச் சரியான ஹொக்கிக் கேள்வி இன்று கேட்கப்பட்டதா?

ஏனென்றால் நடந்தது இதுதான். 2011 நத்தார் நாளில், டிசம்பர் 25இல், வில்சனுக்கு ஒப்பந்த நீட்டிப்பு கிடைத்த செய்தி வந்தது. அவரே டுவிட்டரில் போட்டார். அணி இன்னும் எதையும் சாதிக்கவில்லை, பாதி சீசன்கூட முடியவில்லை. பொது முகாமையாளர் பிரையன் பேர்க் கொடுத்தார். பெப்ரவரி 6 இரவு அணியின் கணக்கு 28 வெற்றி, 19 தோல்வி, மேலதிக நேரத்தில் போனது 6. பிளேஓஃப் கைக்கெட்டும் தூரம். அடுத்த 11 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. நாங்கள் பார்த்த ஆட்டம் 5–3 என்று தோல்வி. அதற்கு மூன்றாம் நாள், மார்ச் 2ஆம் தேதி, நீட்டிப்புக் கொடுத்த அதே கை வில்சனை வீட்டுக்கு அனுப்பியது. நத்தாருக்கு நம்பிக்கை, மார்ச்சில் நீக்கம். இதில் ஐஸில் நின்ற பையன் செய்த குற்றம் என்ன?

"ஒக்டோபர் கெசல் பெப்ரவரியில் எங்கே?" என்று எதிரணி கேட்டது. 82 ஆட்டமும் ஆடினார். 37 கோல், அசிஸ்டும் சேர்த்து 82 புள்ளி. லீக் முழுவதிலும் ஆறாவது இடம். பக்கத்தில் ஆடிய ஜோஃப்ரி லூபுல் 66 ஆட்டத்தில் 67 புள்ளி எடுத்துவிட்டுக் காயத்தோடு போனார். இதற்குமேல் ஒரு ஆட்டக்காரனிடம் என்ன கேட்பீர்கள்? இந்த அணி கோல் அடிக்காமல் தோற்கவில்லை, வாங்கித் தோற்றது. 231 அடித்து 264 வாங்கிய அணி! ஏன் வாங்கியது? ஒக்டோபர் 22, மொன்றியலில், கோல்காப்பாளர் ஜேம்ஸ் ரைமர்மீது பிரையன் ஜியோன்ரா மோதினார். தலையில் அடி. ரைமர் பல வாரம் இல்லை. திரும்பி வந்தபோதும் பழைய ரைமர் இல்லை. 23 வயதுப் பையன் அவர், அதற்கு முந்தைய சீசனில்தான் தலை காட்டியவர். மற்றவர் யோனாஸ் குஸ்டவ்சன், மூன்றாவதாக இரண்டாம்நிலை லீக்கான ஏ.எச்.எல்.லிலிருந்து வந்த பென் ஸ்கிரிவன்ஸ். அனுபவமுள்ள ஒரு கோல்காப்பாளரை யார் கொண்டுவந்திருக்க வேண்டும்? ஐஸில் அணித்தலைவராக ஆடிய டியோன் ஃபனூஃபா ஃபோன் போட்டு ஆள் பிடிப்பார்? அணிகள் ஒன்றோடொன்று ஆள் மாற்றும் கடைசி நாள் பெப்ரவரி 27. அணி விழுந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு நடந்த மாற்றம் கீத் ஓலியைக் கொடுத்து காட்டர் ஆஷ்டனை எடுத்தது. கோல் காக்க யாரும் வரவில்லை. அடுத்த இரவுதான் நாங்கள் போன இரவு.

பேர்க் அந்தச் சரிவைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? 18 சக்கர லொறி ஒன்று மலை விளிம்பால் விழுந்ததைப் போல என்றார். எதிரணி இதைப் பெரிய சாட்சியாகக் கொண்டுவந்தது. நல்லது! லொறி விழுந்தால் பொலிஸ் வந்து யாரை விசாரிக்கும்? சக்கரங்களையா? ஓட்டியவரை விசாரிக்கும், ஓட்டியவரை வேலைக்கு வைத்தவரை விசாரிக்கும், பிரேக் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரை விசாரிக்கும். மறுபடியும் கையெழுத்து! மாமா கேட்ட அதே கேள்வி!

லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸைப் பாருங்கள். அதே சீசன். அவர்கள் தடுமாறினார்கள். டிசம்பரில், நம் ஆட்கள் நீட்டிப்புக் கொடுத்த அதே மாதத்தில், அவர்களுடைய நிர்வாகம் பயிற்றுநர் ரெரி மரேயை மாற்றி டரில் சட்டரைக் கொண்டுவந்தது. மேற்குப் பிரிவின் எட்டாவது அணியாகத் தட்டுத்தடுமாறி பிளேஓஃப் போனார்கள். ஜூன் மாதம் ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார்கள். நாற்காலி விழித்திருந்தால் அப்படி நடக்கும். நமக்கு 80 புள்ளியும் கிழக்குப் பிரிவில் 13ஆவது இடமும். தொடர்ந்து ஏழாவது முறை பிளேஓஃப் இல்லை.

முதல் மணி அடித்துவிட்டது என்று நடுவர் கை காட்டுகிறார். புள்ளிக்கணக்கு போதும், அதை இங்கே விடுகிறேன்.

அந்த ஏப்ரலில் பத்திரிகைகளில் ஒரு கடிதம் வந்தது. லீஃப்ஸின் உரிமையாளர் நிறுவனம் ரசிகர்களுக்கு எழுதிய திறந்த கடிதம். எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எதிரணி கவனிக்க வேண்டும், கடிதத்தை எழுதியது ஆட்டக்காரர் சங்கமல்ல. ஆனால் நான் சொல்ல வருவது அதுவும் இல்லை.

மாமா இரவு வேலை முடித்துக் காலையில் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதை வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா வாசி" என்றார். மறுபடி வாசித்தேன். பிறகு கேட்டார், "உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கினமோ? எங்களிட்டையோ?" ஓம் மாமா என்றேன்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர் அவர். அந்த வீடு பிறகு இல்லை. அவருடைய தாயாரை வழியில் எங்கே படுக்க வைத்தார்கள் என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அதற்கெல்லாம் இந்த உலகத்தில் நாற்காலியில் இருந்த ஒருவரும் அவரிடம் "மன்னியுங்கள்" என்று ஒரு கடதாசியில் எழுதியதில்லை. ஒரு விளையாட்டு அணி எழுதியது. தோற்ற அணி. டிக்கெட் வாங்க வசதியில்லாத, ரேடியோவில் கேட்ட, யன்னலில் கொடி கட்டிய அந்த மனிதர் தன்னையும் அந்தக் கடிதம் விளித்த "ரசிகர்களில்" ஒருவராக எண்ணிக்கொண்டு அழுதார். நான் அவரை அதற்கு முன் அழுது பார்த்ததில்லை. அந்தக் கொடியை அவர் அந்த ஏப்ரலில் கழற்றவில்லை. வெயிலில் நிறம் போகும்வரை அது யன்னலில் இருந்தது. டிக்கியில் ஒளிப்பார்கள் என்றீர்களே அண்ணா.

மாமா இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மூன்றாவது வரிசை, மாமிக்குப் பக்கத்தில். மாமா, ஒருமுறை எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள், நில்லுங்கள். எல்லோரும் பாருங்கள். கனடாவுக்கு வந்து நாங்கள் முதல்முதலில் "எங்கள் அணி" என்று வாயால் சொன்னது இந்த அணியைத்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள், லீஃப்ஸ் தொப்பியைக் கண்டதும் வந்து பேசினார்கள். "எங்கள்" என்று சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் எத்தனை பேர் எத்தனை வருடம் இருந்தோம்! அந்தச் சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் ஐஸில் ஆடிய அந்தப் பையன்கள். அவர்கள்மீது பழி போட்டால் நான் தாங்கமாட்டேன். கெசல்மீது போட வேண்டாம். தலையில் அடி வாங்கிய ரைமர்மீது போடவே வேண்டாம்.

இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. நடுவர் அவர்களே, என் மாமாவின் கேள்விக்கு எதிரணியில் யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை. அடுத்துப் பேச வரும் அக்கா முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்: கையெழுத்துப் போட்டது ஆர்? நன்றி, வணக்கம். மாமா, இனி இருங்கோ.