ஐ5 போதுமா, ஐ9 வேணுமா?

[திரையில்: ரெண்டு ப்ராசஸர் பெட்டி]

ஒண்ணு இன்டெல் கோர் ஐ5-12400எஃப். 6 கோர் (வேலை செய்யற தனித்தனி மூளை மாதிரி), 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டக்கூடிய வேலை வரிசை). இன்னொண்ணு ஐ9-14900கே. 24 கோர், 32 த்ரெட், 6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். கையில காசு இருந்தா ஐ9 தானே? கொஞ்சம் பொறுங்க.

அந்த 24-ல வேகமான பெரிய கோர் எட்டுதான். மீதி 16-ம் சின்ன கோர். வீடியோ எக்ஸ்போர்ட், 3டி ரெண்டரிங் மாதிரி வேலைன்னா எல்லாம் சேர்ந்து இழுக்கும். கேம்ல பாதிக்கு மேல சும்மா உட்கார்ந்திருக்கும். கேமுக்கு கோரை விட கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான சின்ன மெமரிதான் கை கொடுக்கும். ஏஎம்டி-யோட ரைசன் 7 7800எக்ஸ்3டி-ல இருக்கிறது எட்டே கோர், ஆனா எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி. 14900கே-ல அது 36 எம்பி. நிறைய கேம்ல ஐ9-ஐ விட இதுதான் முன்னாடி போகுது, கரண்டும் ரொம்பக் கம்மி.

[திரையில்: கூலர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ்]

கரண்டுன்னதும் பில்லைப் பார்ப்போம். 12400எஃப் முழு வேகத்துல 117 வாட், பெட்டியிலயே கூலர் வரும். 14900கே 253 வாட் வரைக்கும் போகும், கூலர் கிடையாது. அதுக்கு நல்ல லிக்விட் கூலர், தாங்குற போர்டு, கரண்ட் கொடுக்கிற பெரிய எஸ்எம்பிஎஸ்னு தனியா எடுக்கணும். ஏசி இல்லாத ரூம்ல மே மாசம் ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டுப் பாருங்க, புரியும். 13, 14-வது தலைமுறை சிப்கள்ல வோல்டேஜ் பிரச்சினையால கிராஷ் ஆகி, 2024-ல இன்டெல் வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது. இப்ப வாங்கினாலும் போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை அப்டேட் பண்ணாம ஓட்டாதீங்க.

[திரையில்: டாஸ்க் மேனேஜர்]

உங்களுக்கு எது வேணும்னு உங்க பழைய கம்ப்யூட்டரே சொல்லிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்க. பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு, அதாவது ப்ராசஸரை எடுங்க. கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்துங்க. இப்ப தினமும் செய்யற வேலையை ஓட விடுங்க. எக்ஸ்போர்ட் ஓடும்போது எல்லாக் கட்டமும் உச்சியிலயே நிக்குதா? தயங்காம பெருசா வாங்குங்க, மிச்சமாகிற நேரமே காசுதான். கேம்ல ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், 95 சதவீதத்துக்கு மேல நிக்குதா? ப்ராசஸரை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்தக் காசை கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்க. ரெண்டும் இல்லாம ஒன்னு ரெண்டு கட்டம் மட்டும் முட்டி நிக்குதுன்னா, கோர் எண்ணிக்கையைப் பார்க்காம புதுத் தலைமுறை ப்ராசஸரைப் பாருங்க.

பட்ஜெட்ல ஆரம்பிச்சு பின்னாடி ஏத்திக்கலாம்னா என் ஓட்டு ரைசன் 5 7600-க்கு. அதே ஏஎம்5 (ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட்டோட பேர்) போர்டுல நாளைக்கு 7800எக்ஸ்3டி-யையே மாட்டலாம். 12400எஃப் போர்டுல 14-வது தலைமுறையோட சரி, அடுத்து வந்த கோர் அல்ட்ராவுக்கு சாக்கெட்டே வேற.

பேர் கடைசியில இருக்கிற எஃப்-ஐயும் கவனிங்க. அதுல உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாம போர்டுல எச்டிஎம்ஐ சொருகினா திரை கருப்பாத்தான் இருக்கும்.