1984-85: வெரோனா இத்தாலியை வென்ற சீசன்

[திரையில்: பென்தெகோதி மைதானம், வெரோனா. 16 செப்டம்பர் 1984]

வணக்கம். இத்தாலியின் முதல்நிலை கால்பந்து லீகான சீரி ஏ அன்றுதான் தொடங்குகிறது. பென்தெகோதி மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிகிறது. அத்தனை பேர் கண்ணும் ஒருவர் மேல்தான். பார்சிலோனாவிடமிருந்து உலகச் சாதனை விலை கொடுத்து நாப்போலி வாங்கி வந்திருக்கும் தியாகோ மரடோனா, இத்தாலிய லீகில் ஆடப்போகும் முதல் ஆட்டம் இது.

அதே ஆட்டத்தில் இன்னொருவரும் அறிமுகமாகிறார். வெரோனா அணிக்காக ஜெர்மனியிலிருந்து வந்த ஹான்ஸ்-பீட்டர் பிரீகல். மலை மாதிரி உடம்பு. காலுறை கணுக்காலுக்கு இறங்கிக் கிடக்கும், முழங்காலுக்குக் கீழே பாதுகாப்புப் பட்டை எதுவும் கிடையாது. இளம் வயதில் தடகள வீரர், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லான் பயின்றவர். மரடோனாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம்தான் பயிற்சியாளர் கொடுத்திருந்தார். பிரீகல் மரடோனாவை நகரவிடவில்லை. அதோடு நிற்காமல் அவரே முன்னே போய் வெரோனாவின் முதல் கோலையும் தலையால் அடித்தார். வெரோனா 3, நாப்போலி 1.

மறுநாள் எல்லோரும் மரடோனா ஏன் சோபிக்கவில்லை என்றுதான் பேசினார்கள். வெரோனா எப்படி ஆடியது என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த வெரோனாதான் இத்தாலியின் சாம்பியன்.

இதை ஓர் அதிசயம் என்று சொல்வது வழக்கம். அந்த வார்த்தை அந்த அணிக்குச் செய்யும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: 1984-ல் சீரி ஏ அணிகளும் அவற்றின் வெளிநாட்டு வீரர்களும்]

முதலில் அந்தக் காலத்து சீரி ஏ எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பல வருடம் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த இத்தாலி, 1980-ல் ஓர் அணிக்கு ஒருவர் என்று திறந்துவிட்டது. 1982-லிருந்து இரண்டு பேர். பணமும் இருந்தது. உலகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே லீகில் வந்து குவிந்தார்கள். யுவென்டஸில் பிளாட்டினி, உதினேசேயில் ஜிக்கோ, ரோமாவில் ஃபல்காவோ, ஃபியோரென்டினாவில் சாக்ரடீஸ், இன்டர் மிலனில் ரும்மெனிகே, டொரினோவில் ஜூனியர், சாம்ப்டோரியாவில் கிரேம் சூனஸ். எல்லாம் ஒரே சீசனில்.

இதில் வெரோனாவின் நிலை என்ன? ரோமானியர் காலத்து அரங்கம் நடு ஊரில் நிற்கும் பழைய நகரம் அது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். தன் மாநிலத்துக்கே தலைநகரம் கிடையாது, அது வெனிஸ். 1929-ல் எல்லா அணிகளும் ஒரே லீகாக ஆடத் தொடங்கிய பிறகு, மாநிலத் தலைநகரமாக இல்லாத ஓர் ஊரிலிருந்து சாம்பியனான அணி வெரோனா மட்டும்தான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சரி, அணியை யார் கட்டினார்கள்?

ஓஸ்வால்டோ பன்யோலி. மிலன் நகரத்தில் போவிசா என்ற தொழிற்சாலைப் பகுதியில் 1935-ல் பிறந்தவர். ஆட்டக்காரராக இருந்த காலத்தில் வெரோனாவுக்கும் ஆடியிருக்கிறார். அதிகம் பேசமாட்டார். 1981-ல் அவர் பொறுப்பேற்கும்போது வெரோனா இரண்டாம் டிவிஷனில் இருந்தது. முதல் வருடமே மேலே கொண்டுவந்தார். அடுத்த வருடம், அதாவது 1982-83-ல், சீரி ஏ-யில் நான்காம் இடம். அதற்கடுத்த வருடம் ஆறாம் இடம். இந்த இரண்டு வருடமும் இத்தாலியக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஒருமுறை யுவென்டஸிடமும் இன்னொருமுறை ரோமாவிடமும் தோற்றார்கள்.

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். திடீரென்று வானத்திலிருந்து குதித்த அணி இல்லை இது. மூன்று வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆட்டக்காரர்களைப் பாருங்கள். வலது ஓரத்தில் ஓடிய பியெத்ரோ ஃபன்னா, முன்னால் நின்ற ஜுசெப்பே கால்தெரிசி, இருவரும் யுவென்டஸில் நிலையான இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நடுவில் ஆட்டத்தை நடத்திய அன்தோனியோ தி ஜென்னாரோ ஃபியோரென்டினாவிலிருந்து வந்தவர். கேப்டன் ரொபெர்த்தோ டிரிச்செல்லா இன்டரின் இளைஞர் அணியில் வளர்ந்தவர். பெரிய அணிகளில் இவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பன்யோலி ஒவ்வொருவரையும் அவரவருக்குப் பொருந்தும் இடத்தில் நிறுத்தினார். அவ்வளவுதான் அவருடைய சூத்திரம், ஆனால் அது எத்தனை பயிற்சியாளர்களுக்குக் கைவருகிறது?

கோல்கீப்பர் கிளாவுதியோ கரெல்லா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையைவிடக் காலால்தான் அதிகம் தடுப்பார் என்று பேரெடுத்தவர். பார்க்க அழகாக இருக்காது. பந்து முழங்காலில் படும், பாதத்தில் படும், ஆனால் உள்ளே போகாது. அந்த 30 ஆட்டத்தில் வெரோனா வாங்கியது 19 கோல்தான். லீகிலேயே மிகக் குறைவு அதுதான். அப்புறம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடிய டொமெனிகோ வொல்பாத்தி. ஆட்டத்தை விட்ட பிறகு பல் மருத்துவரானவர்.

1984 கோடையில் கடைசி இரண்டு துண்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்று பிரீகல். இன்னொன்று, பெல்ஜியத்தின் லோக்கரன் அணியிலிருந்து வந்த டென்மார்க் ஸ்டிரைக்கர் பிரேபென் எல்கேயர். சிகரெட்டை விடாதவர். ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் பிடிக்க முடியாது.

[திரையில்: மைதான வரைபடம், வெரோனாவின் ஆட்ட அமைப்பு]

எப்படி ஆடினார்கள்? பின்னால் ஃபெர்ரோனியும் ஃபொன்தொலானும் எதிரணியின் ஸ்டிரைக்கர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் பின்னால் தனியாக டிரிச்செல்லா. லிபெரோ என்று இத்தாலியில் சொல்லும் இடம் அது. யாரையும் பிடிக்கும் வேலை அவருக்குக் கிடையாது, ஓட்டை விழும் இடத்தை அடைப்பார். பந்து கிடைத்ததும் தூக்கி அடிக்காமல் அவரே நடுமைதானம் வரை கொண்டுபோவார். அங்கே தி ஜென்னாரோ வாங்கிக்கொள்வார். அவருடைய ஒரு நீண்ட பாஸில் ஃபன்னா வலப்பக்கம் பறப்பார், இடப்பக்கத்தில் டிஃபெண்டர் மரங்கோனும் பிரீகலும் ஏறிவருவார்கள். பிரீகல் ஜெர்மனிக்கு இடது பக்க டிஃபெண்டராக ஆடியவர். பன்யோலி அவரை நடுமைதானத்தில் அவிழ்த்துவிட்டார். அந்த சீசனில் அவர் லீகில் அடித்தது 9 கோல். பெனால்டியே அடிக்காத நடுமைதான ஆட்டக்காரருக்கு இது மலைக்க வைக்கும் கணக்கு.

இப்போது அக்டோபர் 14-க்கு வருவோம். ஐந்தாவது ஆட்டம். எதிரே யுவென்டஸ், நடப்பு சாம்பியன். கால்தெரிசி, தன்னை விட்டுவிட்ட அணிக்கு எதிராகவே கோல் அடித்து முன்னிலை கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிய சுமார் பத்து நிமிடம் இருக்கிறது. இடது ஓரத்தில் எல்கேயருக்குப் பந்து வருகிறது. யுவென்டஸின் இளம் டிஃபெண்டர் ஸ்டெஃபானோ பியோலி சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டுகிறார். பிற்காலத்தில் மிலனைப் பயிற்சியாளராகச் சாம்பியனாக்கிய அதே பியோலிதான். அந்த மோதலில் எல்கேயரின் வலது பூட் கழன்று விழுகிறது. எல்கேயர் தடுமாறுகிறார், விழவில்லை, நிற்கவுமில்லை. வெறும் காலுறையோடு பெட்டிக்குள் வெட்டி நுழைந்து, பூட் இல்லாத அதே வலது காலால் அடிக்கிறார். கோல்.

பூட் இல்லாமல் அடித்தால் செல்லுமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தானாகக் கழன்று விழுந்தால், அந்த ஓட்டத்திலேயே அடிக்கும் கோல் செல்லும். பந்து வெளியே போன பிறகும் மாட்டாமல் ஆடினால்தான் தப்பு.

யுவென்டஸை வென்ற பிறகும் பத்திரிகைகள் முழுக்க நம்பவில்லை. ஆனால் இன்டர் மைதானத்திலும் ரோமா மைதானத்திலும் கோல் வாங்காமல் டிரா செய்தார்கள், டொரினோவை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்றார்கள். முதல் 14 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. 15-வது ஆட்டத்தில்தான், ஜனவரியில், அவெல்லினோ போய் 2-1 என்று தோற்றார்கள்.

பெரும்பாலான அணிகள் சரியும் இடம் அதுதான். வெரோனாவும் சரியுமா? அதற்கு விடை பிப்ரவரி 10-ஆம் தேதி, உதினேசே அணியின் ஊரான உதினேயில் கிடைத்தது. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே வெரோனா 3-0. வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உதினேசே ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அடித்து 3-3 ஆக்கியது. சொந்த மைதானம், கூட்டம் கத்துகிறது, மொத்த வேகமும் அவர்கள் பக்கம். அந்த நேரத்தில் வெரோனா டிராவுக்காகப் பின்னால் போய் உட்காரவில்லை. எல்கேயர் ஒன்று, பிரீகல் ஒன்று. 5-3. எந்த ஆட்டத்தில் இவர்கள் சாம்பியன் ஆனார்கள் என்று கேட்டால் நான் யுவென்டஸ் ஆட்டத்தைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஏப்ரலில் சொந்த மண்ணில் டொரினோவிடம் இரண்டாவது தோல்வி. அதோடு சரி. மே 12, பெர்காமோ நகரம். அந்த ஊர் அணியான அட்டலாண்டா முதலில் அடித்தது, எல்கேயர் சமன் செய்தார். 1-1. ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே கோப்பை வெரோனாவுக்கு.

[திரையில்: இறுதிப் புள்ளிப்பட்டியல்]

வெற்றிக்கு 2 புள்ளி கொடுத்த காலம் அது. 30 ஆட்டம், 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி, 43 புள்ளி. இரண்டாமிடம் டொரினோ, 39. பிளாட்டினியின் யுவென்டஸ் 36 புள்ளியோடு கீழே நின்றது. 1985-ல் ஜெர்மனியின் சிறந்த கால்பந்து வீரர் விருது பிரீகலுக்குப் போனது. வெளிநாட்டு அணியில் ஆடும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

இனி, இந்த சீசனைப் பற்றிப் பேசினாலே எழும் வாதத்துக்கு வருவோம். அதுவரை எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதைப் பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். பெரிய அணிகளுக்குச் சாதகமான ஏற்பாடு என்ற சந்தேகம் ஊர் முழுக்க இருந்தது. 1980-ல் வெடித்த சூதாட்ட ஊழலுக்குப் பிறகு கால்பந்து நிர்வாகத்தின் மேலேயே மக்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. 1984-85-ல் மட்டும் நடுவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வருடம் வெரோனா ஜெயித்தது. அடுத்த வருடம் குலுக்கலை எடுத்துவிட்டார்கள், கோப்பை யுவென்டஸுக்குப் போனது. ஆகவே வெரோனா ஜெயித்ததற்குக் காரணம் குலுக்கல்தான் என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்காம் இடமும் இரண்டு கோப்பை இறுதியும் வந்தபோது எந்தக் குலுக்கலும் இல்லையே? சாம்பியனான அடுத்த வருடம் வெரோனா பத்தாம் இடத்துக்கு இறங்கியதற்கும் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஃபன்னாவையும் மரங்கோனையும் இன்டர் வாங்கிக்கொண்டது. கரெல்லா நாப்போலிக்குப் போனார். முதுகெலும்பில் மூன்று பேரை உருவிவிட்டால் எந்த அணி நிற்கும்? குலுக்கல் ஒரு நியாயமான தராசைக் கொடுத்திருக்கலாம். தட்டில் கனம் வைத்தது பன்யோலியும் அவர் ஆட்களும்தான்.

ஐரோப்பியக் கோப்பையில் வெரோனா கிரீஸின் பாவோக் அணியை வென்று அடுத்த சுற்றில் யுவென்டஸிடம் மாட்டியது. சொந்த ஊரில் 0-0. டூரினில் 2-0 என்று தோல்வி. யுவென்டஸ் ஆடிய 1985 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போது ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த துயரத்துக்கான தண்டனையாக, அந்த ஆட்டத்தைப் பார்வையாளர்களே இல்லாமல் நடத்தினார்கள். அன்றைய நடுவர் முடிவுகள் மேல் வெரோனாக்காரர்களுக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. பன்யோலி 1990 வரை இருந்தார், அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதோடு விலகினார்.

அந்த சீசனின் ஆட்டத் துணுக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன. எல்லோரும் பூட் இல்லாத கோலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், அதையும் பாருங்கள். ஆனால் நேரம் இருந்தால் உதினே ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். 3-3 ஆன பிறகு வரும் நிமிடங்களில் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாதபோது பிரீகல் எங்கே ஓடுகிறார் என்று கவனியுங்கள்.